ஆற்றடிக் குழாயில் கசிவு: நீருக்குள் வெல்டிங்கா, அடைப்பா, கிளாம்பா?

காவிரி டெல்டாவில் குழாய் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். ஆற்றைக் கடக்கும் எஃகுக் குழாய் அரித்துப்போயிருக்கிறது, அல்லது வெள்ளம் மணலை அறுத்துக் குழாயை வெளியே கொண்டுவந்துவிட்டது. மேலே தண்ணீர் ஓடுகிறது. முக்குளிப்பவரை இறக்கி நீருக்குள்ளேயே வெல்டிங் செய்துவிடலாமா? அடைப்புக் கட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுச் செய்வதா? குழாயின் மேல் உலர் அறை ஒன்றைப் பொருத்துவதா? வெல்டிங்கே இல்லாமல் கிளாம்ப் மாட்டினால் போதுமா?

பெரும்பாலும் செலவையும் நாள் கணக்கையும் வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். அவை முக்கியம்தான். ஆனால் ஹைட்ரஜன் விரிசலைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட செலவுக் கணக்கு எதுவும் நிற்காது. வெல்டிங் முடிந்து, கண்ணால் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு திறக்கும் விரிசல் அது. அதனால்தான் தாமத விரிசல் என்றும் அதைச் சொல்கிறோம். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்துவிடவில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே குழாய் ஓடுகிற மண்ணில், சரிசெய்த இடம் மறுபடி கசிந்தால் அதைச் சாதாரணப் பழுதாக மக்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொள்ளவும் கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவின் பெரும்பாலான ஆறுகள் ஆண்டில் சில மாதங்கள் வற்றிக் கிடப்பவை. தானே விலகப்போகிற தண்ணீருக்குள் இறங்கி, அழுத்தம் தாங்கும் குழாயில் வெல்டிங் செய்ய மிக வலுவான காரணம் வேண்டும். பெரும்பாலான நேரங்களில் அந்தக் காரணம் இருப்பதில்லை.

## விரிசல் எப்படிப் பிறக்கிறது

மூன்று கூடினால் விரிசல் வரும்: எஃகுக்குள் கரைந்து அலையும் ஹைட்ரஜன், கடினமாகி நொறுங்கும் தன்மை பெற்ற எஃகு, அதை இழுக்கும் விசை. மூன்றும் கூடியிருக்க, வெப்பநிலை சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகு விரிசல் தொடங்குகிறது. சில நிமிடங்களிலும் வரலாம், இரண்டு நாள் கழித்தும் வரலாம். ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து, இழுவிசை மிகுந்த முனையில் சேர எடுக்கும் நேரம் அது.

ஹைட்ரஜன் ஈரத்திலிருந்து வருகிறது. மின்வில்லின் வெப்பம் நீரைப் பிளக்கிறது. உருகிய உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்கிறது. உறைந்த பின் வெளியேற வழியில்லாமல் அது உள்ளேயே தங்குகிறது. நன்றாகச் சுட்டு உலர்த்திய லோ-ஹைட்ரஜன் ராடால் (ஈரம் குறைந்த பூச்சுள்ள வெல்டிங் கம்பி) காற்றில் வெல்டிங் செய்தால், 100 கிராம் உலோகத்தில் சுமார் 5 மில்லிலிட்டர் ஹைட்ரஜனோடு நிறுத்திவிடலாம். செல்லுலோஸ் பூச்சுள்ள ராடில் இது 30-ஐத் தாண்டும். நீருக்குள் ரூட்டைல் என்ற டைட்டானியம் ஆக்சைடு பூச்சுள்ள சாதாரண ராடைப் பிடித்தால் 50-க்கும் மேலே போவதுண்டு. மின்வில்லைச் சுற்றி உருவாகும் குமிழியில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்பதால் இதில் வியப்பில்லை.

அடுத்தது கடினம். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கொல்லர் துவைச்சல் கொடுக்கிறார். வெல்டுக்குப் பக்கத்தில் உள்ள குழாய்ச் சுவருக்கு ஆறு அதையேதான் செய்கிறது. 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்கும் நேரம் காற்றில் சாதாரணமாக 8 முதல் 16 விநாடி. நீருக்குள் 1 முதல் 6 விநாடி. இந்த வேகத்தில் குளிரும்போது வெப்பம் பாதித்த பகுதியில் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான, நொறுங்கும் எஃகு அமைப்பு உருவாகிறது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அலகில் 350-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது காற்றில் செய்யும் வெல்டுக்கே உள்ள பொது விதி. கார்பன் கூடிய எஃகில், நீருக்குள் 400-ஐத் தாண்டுவது எளிது.

மூன்றாவதான இழுவிசையை யாராலும் முழுதாக நீக்க முடியாது. வெல்ட் சுருங்கும்போது அது தானே பிறக்கிறது. மணல் அறுபட்டு அந்தரத்தில் தொங்கும் குழாயில் அதன் சொந்த எடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நம் கையில் இருப்பவை முதல் இரண்டும்தான்: ஹைட்ரஜனைக் குறைப்பது, குளிரும் வேகத்தைக் குறைப்பது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் அது எவ்வளவு செய்துகொடுக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

## எடைபோடும் முன் தெரியவேண்டியவை

குழாய் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் டக்டைல் அயர்ன், பழைய வார்ப்பிரும்பு, பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட், எஃகு எல்லாம் கலந்திருக்கும். டக்டைல் அயர்னில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல். அதில் வெல்டிங் பேச்சையே எடுக்காதீர்கள். அதற்குரிய கிளாம்பும் காலரும்தான் வழி. ஐ.எஸ். 3589 வகை எஃகுக் குழாயாகவோ, எண்ணெய், எரிவாயு ஓடும் ஏபிஐ 5எல் குழாயாகவோ இருந்தால் மேலே படியுங்கள்.

எஃகு என்றால் அதன் கார்பன் சமானம் வேண்டும்; வேகமாகக் குளிர்ந்தால் எஃகு எவ்வளவு கடினமாகும் என்பதைக் காட்டும் எண் அது. கார்பன் அளவோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், தாமிரம் இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் அது கிடைக்கும். கார்பன் 0.18, மாங்கனீசு 1.20, முதல் தொகுதி 0.05, இரண்டாம் தொகுதி 0.15 என்று வைத்துக்கொண்டால் 0.18 + 0.20 + 0.01 + 0.01 = 0.40. நீருக்குள் ஃபெரிட்டிக் ராடால் (நிக்கல் அல்லாத சாதாரண எஃகு ராடு) வெல்டிங் செய்யத் துறையில் பொதுவாக வைக்கும் எல்லை அதுதான். கார்பன் 0.08-ஆகவும் மாங்கனீசு 1.50-ஆகவும் உள்ள புதிய வகைக் குழாய் 0.35-க்குள் நிற்கும். வலிமை கூடிய குழாய் என்பதாலேயே அது ஆபத்தானது என்று பொருளில்லை. பழைய, வலிமை குறைந்த குழாயில் கார்பன் கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆலைச் சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் குழாயிலிருந்து சீவல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தச் செலவைத் தவிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எண் தெரியாமல் எந்த முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்து இடமும் நாளும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். கல்லணைக்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு எல்லாம் இந்த நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவை. அணை மூடிய பின் பிப்ரவரியிலிருந்து மே வரை படுகை தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இதே ஆறுகள் வடிகாலாகிவிடும். கொள்ளிடம் வேறு கதை. அது வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு. பல மாதங்கள் மணற்பரப்பாகக் கிடக்கும், வந்தால் ஒரேயடியாக வரும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளை அடித்துக்கொண்டுபோன வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கடைமடையில் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். அங்கே கோடை என்பது வற்றும் காலம் அல்ல.

இவற்றோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள். குழாய்க்குள் ஓடுவதை நிறுத்த முடியுமா? நிறுத்த முடியாவிட்டால் உள்ளே ஓடும் பொருளே சுவரின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். வெளியே உலர்ந்திருந்தும் வெல்ட் வேகமாகக் குளிரும். வேலை முடிந்து 48 மணி நேரம் காத்திருந்து, பிறகு காந்தத்துகள் சோதனையோ மீயொலிச் சோதனையோ செய்ய அந்த இடம் இடம்கொடுக்குமா? கொடுக்காவிட்டால் விரிசல் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

## நீருக்குள்ளேயே வெல்டிங்

இதன் கவர்ச்சி வேகம். டி.சி. மின்னாக்கி, பாதுகாப்பு சுவிட்சு, மெழுகோ வார்னிஷோ பூசிய ராடு, பயிற்சி பெற்ற முக்குளிப்புக் குழு: இவை வந்து இறங்கினால் வேலை தொடங்கிவிடும். அடைப்பு வேண்டாம், பம்பு வேண்டாம்.

ஹைட்ரஜனைப் பொறுத்தவரை இதைவிட மோசமான சூழல் கிடையாது. ஈரம் சுற்றிலும் இருக்கிறது, குளிர்ச்சி உடனடி, முன்சூடு கொடுக்க வழியே இல்லை. இருந்தும் இந்தத் துறை கைகட்டி நிற்கவில்லை. ஒரு வெல்ட் வரி போட்டு, அது குளிர்ந்து கெட்டியாகும் பகுதியின் மேல் அளந்த இடைவெளியில் அடுத்த வரியைப் போட்டு, முதல் வரியின் கடினத்தைத் தணிக்கும் டெம்பர் பீடு முறை உண்டு. கைப்பழக்கமும் நேரக்கணக்கும் சேர்ந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். இரும்பு ஆக்சைடு மிகுந்த ராடில் ஹைட்ரஜன் குறையும். வெல்டின் வலிமையும் நெகிழ்ச்சியும் அதோடு குறையும். நிக்கல் ராடு ஹைட்ரஜனைத் தன்னுள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு குழாய்ச் சுவருக்குள் விடாது. ஆனால் ஆழம் சற்றுக் கூடினாலே நுண்துளைகள் பெருகும், விலையும் அதிகம்.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ.டபிள்யூ.எஸ். டி3.6 தரநிலை நீருக்கடி வெல்டுகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. தரையில் செய்யும் வெல்டுக்கு இணையானது ஏ வகுப்பு. அவ்வளவு முக்கியமில்லாத இடங்களுக்கானது பி வகுப்பு. நீருக்குள் நேரடியாகச் செய்யும் வெல்டுகள் சாதாரணமாக பி வகுப்பில்தான் தேறுகின்றன. எரிவாயுக் குழாயின் ஸ்லீவை (பழுதான இடத்தைச் சுற்றி வெல்டிங் செய்யும் எஃகு உறை) பி வகுப்பில் ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டால் என் பதில் 'கூடாது' என்பதுதான்.

மறைந்திருக்கும் செலவுகளை எண்ணிப் பாருங்கள். அதே ஆழத்தில், அதே கார்பன் சமானமுள்ள தகட்டில் வெல்டிங் செயல்முறையைத் தகுதிப்படுத்த வேண்டும். அது நாள்களையும் பணத்தையும் விழுங்கும். காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது கலங்கலில் கைக்கெட்டும் தூரமே தெரியாது. முக்குளிப்பவர் கிட்டத்தட்டத் தடவித்தான் வெல்டிங் செய்கிறார். அப்படிச் செய்த டெம்பர் பீடில் இடைவெளி எப்படிச் சரியாக அமையும்? நன்னீரில் மின் அபாயம் கடலைவிடக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். நன்னீரைவிட மனித உடல் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் ஆபத்து கூடுகிறது. மின்வில் பிளந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஸ்லீவுக்கு அடியிலோ வளைவுக்குள்ளோ தேங்கினால் வெடிக்கும். மேலே வாயு வெளியேற வழி விட்டாக வேண்டும். அருகில் மதகு திறந்திருந்தால் இரு பக்க நீர்மட்ட வேறுபாடு ஆளையே இழுத்துவிடும். ரெகுலேட்டரை ஒட்டிய கடப்புகளில் நீர்வளத்துறையிடம் எழுத்து மூலம் உறுதி வாங்காமல் யாரையும் இறக்கக் கூடாது.

இன்னொன்று பலர் யோசிக்காதது. எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு அரிப்பைத் தடுக்க, குழாயில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி வைக்கும் கேத்தோடிக் மின்காப்பு உண்டு. மின்னழுத்தம் தாமிர சல்பேட் முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 1.2 வோல்ட்டையும் தாண்டி எதிர்ப்பக்கம் போனால், குழாயின் மேற்பரப்பிலேயே ஹைட்ரஜன் பிறக்கும். 48 மணி நேரச் சோதனையில் தேறிய வெல்ட்கூட, அதன் ஓரம் 400 விக்கர்ஸில் நின்றால், மாதங்கள் கழித்து இந்த ஹைட்ரஜனால் விரியலாம்.

அப்படியென்றால் இது எங்கே நல்லது? அழுத்தம் தாங்காத பாகங்களில்: தாங்கி, ஆனோடு பிடிப்பு, வெளி உறைக்குழாய். கார்பன் சமானம் நன்றாகக் குறைந்து, நீர் தெளிந்து, தண்ணீரை விலக்க வேறு வழியே இல்லாத இடங்களில் குடிநீர்க் குழாயின் தற்காலிக ஒட்டுக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

## அடைப்புக் கட்டி, உலர்த்தி வெல்டிங்

டெல்டாவுக்கு நான் முதலில் சொல்லும் முறை இது. மணல் மூட்டையோ ஷீட் பைலோ (மண்ணில் அறையும் எஃகுத் தகடுகள்) வைத்துக் குழாயைச் சுற்றி அடைப்பு, உள்ளே இறைப்பு, பிறகு தரையில் செய்வது போன்ற வெல்டிங். கோடையில் பல ஆறுகளில் அடைப்பே தேவைப்படாது. குழி தோண்டினால் போதும். ஆற்றில் கொரம்பு போட்டுத் தண்ணீரைத் திருப்பிய பழக்கம் உள்ள ஊர்களில் இந்த வேலைக்குத் தெரிந்த கைகளும் கிடைக்கும்.

ஆனால் குழி உலர்ந்துவிட்டதாலேயே ஹைட்ரஜன் போய்விடவில்லை. பெரும்பாலானோர் சறுக்குவது இந்த முறையில்தான், ஏனென்றால் இது பத்திரமாகத் தோன்றுகிறது. படுகை மணலில் ஊற்று நிற்காது. ஓரமாக ஒரு பம்பு வைத்து இறைத்தால் அடிமணல் பொங்கிக் குழி சரியும். வெல்பாயின்ட் குழாய்களை வரிசையாக இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தைக் குழிக்குக் கீழே தாழ்த்த வேண்டும். களிமண் என்றால் ஓரக்குழியும் பம்புமே போதும். குழாயின் அடிவயிறு ஈர மணலில் பதிந்திருந்தால் அந்த மணலே வெப்பத்தை உறிஞ்சிவிடும். குழாயைச் சுற்றி முழுவதும் தோண்டி, வெல்டர் கீழே படுத்து வேலை செய்யும் அளவுக்கு இடம் விடுங்கள்.

குழாய்க்குள் இருக்கும் தண்ணீரும் ஒரு எதிரி. வால்வை மூடிவிட்டோம் என்பார்கள். ஆனால் வால்வு கசிந்து ஒரு சிறு ஓடை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓடை இருக்கும்வரை குழாயின் அடிப்பக்கமான ஆறு மணி நிலையில் முன்சூடு ஏறவே ஏறாது. இருபக்கமும் காற்று நிரப்பும் பலூன் பிளக் வைத்து, நடுவில் தேங்கியதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் வெல்டிங். இதற்கு ஒரு நாள் போகும். போகட்டும்.

ராடு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துக் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த 7018 ராடு லோ-ஹைட்ரஜன் என்ற பெயருக்கே தகுதி இழந்துவிடும். தயாரிப்பாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட வேண்டும். பிறகு 120 டிகிரியில் வைத்திருக்கும் அடுப்பு. அங்கிருந்து வெல்டரின் பக்கத்தில் மின்சாரச் சூட்டுப் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மின்சாரம் இல்லாத வரப்புக்குச் சூட்டுப் பெட்டியை எடுத்துப்போய்ச் சும்மா வைத்திருப்பதில் பயனில்லை. ஜெனரேட்டரில் அதற்கும் ஒரு இணைப்புக் கொடுங்கள். வெற்றிடப் பொட்டலத்தில் வரும் ராடு விலை கூடுதல்தான். சிறிய பழுதுகளுக்கு அதுவே சிக்கனம்.

புதிய குழாய் பதிக்கும்போது செல்லுலோஸ் ராடு பிடித்துப் பழகிய வெல்டர்கள் பழுதுக்கும் அதையே கேட்பார்கள். குழாய் பதிக்கும் வரிசையில் முதல் வரிக்குப் பின் உடனே இரண்டாவது வரி வருகிறது. அந்தச் சூட்டிலேயே ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அங்கே குழாய் தளர்வாகவும் இருக்கிறது. பழுதில் குழாய் இருபக்கமும் மண்ணில் இறுகியிருக்கிறது. வேலை விட்டுவிட்டு நடக்கிறது. அதே ராடு இங்கே விரிசலைக் கொடுக்கும்.

முன்சூடு 100 முதல் 150 டிகிரி வரை, எஃகின் கார்பன் சமானத்தையும் தடிப்பையும் பொறுத்து. வெல்டுக்கு இருபுறமும் 75 மி.மீ. தூரம் வரை அந்தச் சூடு இருப்பதைச் சூட்டுக்கோலாலோ வெப்பமானியாலோ தொட்டுப் பாருங்கள். கியாஸ் பர்னரின் சுடரே ஈரத்தை உண்டாக்கும். சூடு போதாமல் தகடு வியர்த்தால் அது ஹைட்ரஜனுக்குக் கொடுத்த அழைப்பு. மின்தடைப் பட்டைகளோ இண்டக்ஷனோ கிடைத்தால் அதையே எடுங்கள். வெல்டிங் முடிந்தவுடன் குளிரவிடாமல் 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால், தங்கிய ஹைட்ரஜனில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பிறகு கல்நார் இல்லாத வெப்பப் போர்வையால் சுற்றி மெல்லக் குளிரவிடுங்கள்.

மறைந்த செலவுகள்: படுகையைத் தோண்ட நீர்வளத்துறை அனுமதி, கரையை மறுபடி கட்டித்தரும் பொறுப்பு, ஊர்க்காரர்களின் பாசன முறை பாதிக்காமல் தண்ணீரைத் திருப்பும் ஏற்பாடு, இரவு பகலாகப் பம்பு ஓட டீசல், பம்பு நின்றால் மாற்றுப் பம்பு. வெல்ட் சூடாக இருக்கும்போது பம்பு நின்று குழி நிறைந்தால், உலர் வெல்ட் ஒரு நொடியில் நீருக்குள் செய்த வெல்டாகிவிடும். அதனால் இரண்டாவது பம்பு தயார் நிலையில் இல்லாத குழியில் வெல்டிங் தொடங்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

## உலர் அறை

குழாயைச் சுற்றி ஒரு அறையைப் பொருத்தி, வாயுவை அழுத்தி நீரை வெளியேற்றி, உள்ளே வெல்டர் நின்று செய்யும் முறை. ஆழ்கடலுக்கு ஏற்றது. மின்வெப்பப் பட்டைகளால் முன்சூடும் பின்சூடும் கொடுக்கலாம். ஏ வகுப்பு வெல்ட் கிடைக்கும். ஆழம் கூடக்கூட அறையின் அழுத்தமும் அதிலுள்ள ஈரமும் வெல்டுக்குள் புகும் ஹைட்ரஜனைக் கூட்டும் என்பதால், ஈரம் நீக்கும் கருவியும் ராடுக்கு உள்ளேயே அடுப்பும் தேவை.

டெல்டா ஆறுகளுக்கு இது பொருந்தாது. அறையைத் தூக்கிவரும் கிரேன் தோணி ரெகுலேட்டர்களையும் தாழ்ந்த பாலங்களையும் தாண்டி வர முடியாது. மூன்று மீட்டர் நீருக்கு அடைப்பே மலிவு. ஆனால் கரைக்கு அப்பால், காவிரிப் படுகையின் கடல் வயல்களிலிருந்து வரும் குழாய்களுக்கு இதுதான் முதல் தேர்வு. வெல்டின் மேல் மட்டும் பொருத்தும் சிறு பெட்டிகளும் உண்டு. அவற்றில் மின்வில் உலர்ந்திருந்தாலும் சுற்றியுள்ள குழாய்ச் சுவர் நீரில்தான் இருக்கிறது. காற்றில் செய்யும் அளவுக்குக் குளிர்ச்சி வேகம் குறைவதில்லை. பெட்டி வைத்துவிட்டோம் என்று நிம்மதியடையாமல் கடினத்தை அளந்து பாருங்கள்.

## வெல்டிங் இல்லாத கிளாம்ப்

இரண்டு பாதியாக வந்து போல்ட்டால் இறுகும் எஃகுக் கிளாம்ப், உள்ளே ரப்பர் அடைப்பு. மின்வில் இல்லை, ஆகவே வெல்ட் ஹைட்ரஜனும் இல்லை. ஊசித்துளைக் கசிவுக்கும், அரித்து மெலிந்த சுவருக்கும், சில மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஓடும் ஆற்றில், கலங்கல் நீரிலும் ஒரு நல்ல முக்குளிப்பவர் அதைப் பொருத்துவார்.

இதன் குறைகள் மெல்லத்தான் தெரியவரும். குழாய் வட்டமாக இல்லாவிட்டால், அல்லது பழைய தார்ப்பூச்சைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் ரப்பர் பிடிக்காது. குழாய் நீளவாக்கில் இழுபட்டால் சாதாரணக் கிளாம்ப் தாங்காது. இழுவிசையைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கேத்தோடிக் மின்காப்பு உள்ள குழாயில் கிளாம்புக்கும் மின் இணைப்புக் கொடுக்காவிட்டால் கிளாம்பு தனியே அரிக்கும். இணைப்புக் கொடுத்தால், மிகக் கடினமான போல்ட் ஹைட்ரஜனை உறிஞ்சி முறியலாம். 350 விக்கர்ஸுக்கு மேற்பட்ட போல்ட்டை நீருக்கடியில் மின்காப்போடு சேர்க்காதீர்கள். வெல்டிங்கே இல்லாத இடத்திலும் ஹைட்ரஜன் வந்து நிற்கும் வழி இது. கசிவு நிற்கட்டும் என்று பிறகு கிளாம்பின் ஓரத்தை நீருக்குள்ளேயே வெல்டிங் செய்வது எல்லாவற்றையும்விட மோசம். ரப்பரும் கருகும், விரிசலுக்கும் இடம்கொடுத்ததாகும்.

குழாயின் பல இடங்கள் மெலிந்திருந்தால் இந்த நான்கையுமே விட்டுவிடுங்கள். ஆற்றுக்கு அடியில் கிடைமட்டத் துளையிட்டுப் புதிய குழாயை இழுத்து, இணைப்பு வெல்டுகளைக் கரையில் உலர்ந்த நிலத்தில் செய்வது நீண்ட காலத்துக்கு மலிவாக முடியும்.

## ஒரு பார்வையில்

| | நீருக்குள் வெல்டிங் | அடைப்பு, உலர் வெல்டிங் | உலர் அறை | கிளாம்ப் |
|---|---|---|---|---|
| ஹைட்ரஜன் | மிக அதிகம் | ராடு சுட்டிருந்தால் மிகக் குறைவு | குறைவு. ஆழத்தோடு கூடும் | வெல்டால் இல்லை. போல்ட்டில் கவனம் |
| முன்சூடு, பின்சூடு | முடியாது | முடியும் | முடியும் | தேவையில்லை |
| கார்பன் சமானம் 0.40-க்கு மேல் | வேண்டாம் | முன்சூட்டைக் கூட்டிச் செய்யலாம் | முன்சூட்டைக் கூட்டிச் செய்யலாம் | தடையில்லை |
| 48 மணி நேரத்துக்குப் பின் சோதனை | கடினம் | எளிது | முடியும், செலவு மிக அதிகம் | கசிவுச் சோதனை மட்டும் |
| எதிர்பாராத செலவு | செயல்முறைத் தகுதி, ஆள் பாதுகாப்பு | இறைப்பு, அனுமதி, கரை சீரமைப்பு | தோணி, கிரேன், காத்திருப்பு | சுத்தம் செய்தல், அவ்வப்போது ஆய்வு |
| டெல்டாவில் ஏற்ற இடம் | அழுத்தமில்லாத பாகங்கள் | கோடையில் வற்றும் ஆறுகள் | கடல் | ஆறு ஓடும் மாதங்கள், கடைமடை |

## மூன்று நிலைமைகள்

ஆகஸ்ட் மாதம், வெண்ணாற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. கீழே எஃகுக் குடிநீர்க் குழாயில் ஊசித்துளை. குடிநீரை நிறுத்தினால் ஊர்கள் தவிக்கும். இங்கே கிளாம்ப் மாட்டுங்கள். பிப்ரவரியில் ஆறு வற்றியதும் குழி தோண்டி நிரந்தர வேலையைச் செய்யுங்கள். இரண்டு முறை செலவாகிறதே என்பார்கள். நீருக்குள் செய்த வெல்ட் விரிந்தால் செலவு மூன்று முறை, இடையில் குடிநீரும் இல்லை. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: கோடைக்கான வேலை உத்தரவு ஆகஸ்டிலேயே போடப்பட வேண்டும். கசிவு நின்றுவிட்டால் கோப்பும் நின்றுவிடும். தற்காலிகக் கிளாம்ப் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் கிடக்கிறது.

மார்ச் மாதம், அரசலாற்றின் அடியில் எரிவாயுக் குழாயில் பள்ளம் விழுந்து, அதில் மெல்லிய கீறல். எரிவாயுவை நிறுத்த முடிந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிய துண்டை உலர் வெல்டிங்கில் இணையுங்கள். நிறுத்த முடியாவிட்டால், அழுத்தத்தைக் குறைத்து, மீயொலியால் சுவர்த் தடிப்பை அளந்து, முழுச் சுற்று ஸ்லீவ். சுவர் 6.4 மி.மீ.க்கு மேல் இருந்தால் மின்வில் துளைத்துப் போகும் அபாயம் குறைவு. அதற்கும் மெலிந்தால் வெப்ப அளவை மிகக் கவனமாகக் கணக்கிட வேண்டும். இங்கே ஒரு இழுபறி உண்டு: துளைக்காமலிருக்க வெப்பத்தைக் குறைத்தால் வெல்ட் வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது, கடினமாகாமலிருக்க வெப்பத்தைக் கூட்டினால் துளைக்கும். அந்த நடுவழியைக் களத்தில் வெல்டரின் அனுபவத்திடம் விட்டுவிடாதீர்கள். அதே தடிப்புள்ள குழாய்த் துண்டில், உள்ளே தண்ணீர் ஓடவிட்டு, முன்கூட்டியே செய்து பார்த்து, வெட்டிக் கடினத்தை அளந்து எழுதிய செயல்முறை கையில் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் தண்ணீர் எரிவாயுவைவிட வேகமாகக் குளிர்விக்கும். அதில் தேறிய செயல்முறை ஆற்றடியிலும் தேறும்.

பழையாறு பக்கம், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய குழாய். உப்புநீர், ஏற்ற இறக்கம், வற்றாத நீர், சேறு. ஷீட் பைல் அடைப்பு முடியும். கடல் ஏற்றத்தின் உச்சத்துக்கு மேல் உயரம் வேண்டும், செலவு ஏறும். குடிநீர்க் குழாய் என்றால் கிளாம்பும் பிறகு மாற்றுக் கடப்பும். எரிவாயுவோ எண்ணெயோ என்றால் அடைப்புச் செலவைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உப்புநீர் பட்ட எஃகை வெல்டிங்குக்கு முன் நன்னீரில் கழுவி, சூடாக்கி முழுவதும் உலர்த்திவிட்டே மின்வில் தொடங்க வேண்டும். உப்பு தன்னுள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அந்த ஈரமும் ஹைட்ரஜன்தான்.

## வேலை உத்தரவில் எழுத வேண்டியவை

கார்பன் சமானம் சோதித்த அறிக்கை, ராடு சுட்ட அடுப்பின் பதிவு, முன்சூடு அளந்த பதிவு, பின்சூடு கொடுத்த நேரம் ஆகிய நான்கும் இல்லாமல் பணம் கொடுக்கப்படாது என்று எழுதுங்கள். 48 மணி நேரக் காத்திருப்பை வேலை நாள்களுக்குள்ளேயே கணக்கிட்டு, அந்த இரண்டு நாளும் பம்பு ஓடும் செலவை மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்; சேர்க்காவிட்டால் ஒப்பந்தக்காரர் முதல் நாளே மூடிவிட்டுப் போவதைக் குறை சொல்ல முடியாது. வெல்ட் ஓரத்தில் கடினம் 350 விக்கர்ஸைத் தாண்டக் கூடாது என்றும் எழுதுங்கள். கந்தகம் கலந்த வாயு ஓடும் குழாயானால் அந்த எல்லை 250.

வெட்டி எடுத்த பழைய குழாய்த் துண்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போக விடாதீர்கள். அடுத்த கடப்பில் பழுது வந்தால், அதே எஃகில் செயல்முறையைச் செய்து பார்க்க அதைவிட நல்ல தகடு எங்கும் கிடைக்காது. துண்டின் மேல் இடமும் ஆண்டும் எழுதிக் கிடங்கில் வையுங்கள்.